நடையும் உழைப்பும்: முதிர்வயது நீரிழிவுத் தடுப்பில் உடற்பயிற்சியின் வரலாறு – சங்கராபுரம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

முதிர்வயதில் தோன்றும் நீரிழிவைத் தடுப்பதிலும் கட்டுக்குள் வைப்பதிலும் உடற்பயிற்சிக்கு உள்ள இடம் இன்று ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. அதற்கான சான்றுகளுள் குறிப்பிடத்தக்க பகுதி தமிழகத்தில், சிறப்பாகச் சென்னையில் உருவானது. அச்சான்றுகளுள் தலையாயவை நகர்ப்புறப் பணியாளர்களிடமிருந்து, அவர்களுள்ளும் பெரும்பாலும் ஆண்களிடமிருந்து பெறப்பட்டவை. உடலுழைப்பையே வாழ்வாகக் கொண்டிருந்து, அண்மைக் காலத்தில் அவ்வுழைப்பைப் படிப்படியாக இழந்துவரும் சங்கராபுரம் போன்ற உழவு வட்டாரத்திற்கு அவை எவ்வாறு பொருந்தும் என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: நீரிழிவு, மதுமேகம், உடற்பயிற்சி, உடலுழைப்பு, சென்னை ஆய்வுகள், சங்கராபுரம், கல்வராயன் மலை.

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சங்கராபுரம், மேற்கே கல்வராயன் மலையும் ஏனைய திசைகளில் நெல்லும் கரும்பும் விளையும் சமவெளியும் சூழ அமைந்த ஊர். தென்னார்க்காடு மாவட்டத்திலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்த இப்பகுதி, 2019ஆம் ஆண்டு நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதனுள் அடங்கியது. அண்மையிலுள்ள மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இயங்குகின்றன. கரும்பு விளையும் நிலத்தில் ‘சர்க்கரை நோய்’ என்ற பெயர் ஒரு தவறான எண்ணத்திற்கும் இடந்தருகிறது. சர்க்கரையைத் தின்பதால் மட்டுமே வரும் நோய், அதை நிறுத்தினால் நீங்கும் நோய் என்று பலர் கருதுவதற்கு அப்பெயரும் ஒரு காரணம். உணவின் பங்கு மறுக்கத்தக்கதன்று. ஆனால் உண்டதை எரிக்கும் தசையின் பங்கு இப்பெயரில் மறைந்துபோகிறது. இக்கட்டுரையின் அக்கறை அந்த மறைந்த பகுதியைப் பற்றியது.

‘முதிர்வயது நீரிழிவு’ என முன்னர் வழங்கியதை இன்று மருத்துவ உலகம் ‘இரண்டாம் வகை நீரிழிவு’ என்கிறது. இளையோரிடமும் இது காணப்படுவதால் வயதை ஒட்டிய பெயர் பொருந்தாததாயிற்று. ஆயினும் பெரும்பாலோர்க்கு நடுவயதில் மெல்லத் தோன்றும் நோயாகவே இது இருப்பதால், வரலாற்றுக் கட்டுரையில் பழைய பெயரைக் கையாளுதல் தவறாகாது.

நூல்மரபில் நடை

நீரிழிவுக்கு உடலுழைப்பை மருந்தாகக் கூறும் கருத்து இந்திய மருத்துவ நூல்களில் மிகப் பழையது. மேக நோய்களை இருபதாக வகுத்து, அவற்றுள் கொடியதாக மதுமேகத்தை வைக்கும் மரபு ஆயுர்வேதத்திலும் சித்த மருத்துவத்திலும் உண்டு. சுசுருத சங்கிதையின் சிகிச்சைப் பகுதி இந்நோயாளர்க்கு நெடுந்தொலைவு நடத்தலை விதிக்கிறது. பொருளும் சுற்றமும் இல்லாதவன் செருப்பும் குடையும் இன்றி, இரந்துண்டு, ஓரூரில் ஓரிரவுக்குமேல் தங்காது நூறு யோசனை தொலைவு நடக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பசுக்களின் பின்னே திரிதலும் கிணறு தோண்டுதலும்கூட அங்குச் சொல்லப்படுகின்றன.

இவ்விதி இரு செய்திகளைத் தருகிறது. ஒன்று, நோய் உடலசைவின்மையோடு தொடர்புடையது என்பதை அம்மருத்துவர்கள் நோயாளரைக் கண்டு அறிந்திருந்தனர். மற்றொன்று, அவர்கள் ‘உடற்பயிற்சி’ என்று தனியே ஒன்றை வகுக்காமல், அக்காலத்து ஏழையும் துறவியும் ஆயனும் செய்த தொழிலையே மருந்தாக்கினர். மாடு மேய்த்தலும் கிணறு வெட்டுதலும் உடையோனுக்குச் சிகிச்சை, இல்லாதோனுக்கு அன்றாடம்.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். உண்டது செரித்தபின் உண்ணுதல், அளவறிந்து உண்ணுதல் ஆகியவற்றை அது வற்புறுத்துகிறது. உடற்பயிற்சியைத் தனித்துக் கூறவில்லை. உழைப்பு கூறாமலே அமைந்திருந்த சமூகத்தில் உணவின் அளவு ஒன்றே கூறவேண்டியதாயிற்று எனக் கொள்வதற்கு இடமுண்டு. ‘உடற்பயிற்சி’ என நாம் இன்று கொள்வதற்கு நெருங்கியவையாகத் தமிழகச் சிற்றூர்களில் இருந்தவை சிலம்பமும் தண்டாலும் போன்றவை. அவை இளைஞர்க்கு உரியவை. நாற்பது வயதைக் கடந்தவர் வேலை ஏதுமின்றி நடப்பதற்காகவே நடப்பது அண்மைக் காலத்து வழக்கம். சிற்றூர்ப் பேச்சில் அதற்கு ‘வாக்கிங்’ என்ற ஆங்கிலச் சொல்லே நிலைபெற்றிருப்பது, அச்செயல் வெளியிலிருந்து வந்தது என்பதைக் காட்டும்.

இன்சுலினுக்குப் பின்

1921–22இல் இன்சுலின் கண்டறியப்பட்டபின் நீரிழிவு மருத்துவம் மருந்தை மையமாகக் கொண்டதாயிற்று. எனினும் அமெரிக்க மருத்துவர் எலியட் ஜாஸ்லின் உணவு, இன்சுலின், உடற்பயிற்சி ஆகிய மூன்றையும் ஒருங்கே வலியுறுத்தினார். இலண்டனில் ஆர். டி. லாரன்ஸ், தாமே இன்சுலின் செலுத்திக்கொண்ட நோயாளர், உடற்பயிற்சி இன்சுலினின் செயலை மிகுவிக்கிறது என்பதை 1926இல் எடுத்துக்காட்டினார். 1936இல் ஹரால்டு ஹிம்ஸ்வொர்த், இன்சுலினுக்கு உடனே இணங்கும் நோயாளர், இணங்காத நோயாளர் என இரு பிரிவினரைப் பிரித்துக் காட்டினார். முதிர்வயது நீரிழிவின் சிக்கல் இன்சுலின் இல்லாமையைவிட அது செயற்படாமையே என்ற புரிதல் இதிலிருந்து வளர்ந்தது.

தசை சுருங்கும்போது, இன்சுலினின் துணையின்றியே சர்க்கரையை உயிரணுவுக்குள் ஏற்கும் கடத்திகள் அதன் மேற்பரப்புக்கு வருகின்றன என்பது பின்னாளைய உயிர்வேதியியல் தந்த விளக்கம். ஒருமுறை செய்த பயிற்சியால் இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை ஒரு நாள் முதல் மூன்று நாள்வரை மிகுந்திருக்கும். அதனால்தான் இரண்டு நாட்களுக்கு மேல் தொடர்ந்து இடைவெளி விடலாகாது என்று இன்றைய வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. சங்கராபுரம் வட்டாரத்து மக்களுக்கு எட்டும் தொலைவில் உள்ள திருவண்ணாமலைக் கிரிவலம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடை. பௌர்ணமிதோறும் அதனை நடந்து முடிப்போர் மாதத்தில் ஒருநாள் பெரும் நடை நடக்கின்றனர். உடலளவில் அந்நடையின் பயன் மூன்றாம் நாளுக்குள் தீர்ந்துவிடுகிறது.

சென்னைச் சான்றுகள்

தமிழகத்தில் நீரிழிவைத் தனித்துறையாக வளர்த்தவர் மருத்துவர் எம். விசுவநாதன். 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கிய அவர், 1954இல் இராயபுரத்தில் நீரிழிவு மருத்துவமனையை நிறுவினார். அம்மரபில் வந்த அ. இராமச்சந்திரன், சி. சினேகலதா, வி. மோகன் முதலியோரின் கள ஆய்வுகளே இந்திய நீரிழிவின் எண்ணிக்கையை உலகுக்கு அறிவித்தவற்றுள் முதன்மையானவை.

1992இல் வெளிவந்த ஆய்வு, சென்னையில் வயது வந்தோருள் 8.2 விழுக்காட்டினருக்கும் அருகமைந்த சிற்றூர்களில் 2.4 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருப்பதைக் கண்டது. ஒரே இனம், ஒரே மொழி, ஏறத்தாழ ஒரே உணவு. வேறுபாடோ மூன்று மடங்குக்கும் மேல். இவ்வேறுபாட்டின் பெரும்பகுதியை நகர வாழ்க்கைமுறையே விளக்க முடியும். அதனினும் முக்கியமானது அடுத்து நிகழ்ந்தது. பதினான்கு ஆண்டுகளுக்குப்பின் சிற்றூர்ப்புறத்தில் மீண்டும் அளந்தபோது, அங்கும் நோய் ஏறத்தாழ மூன்று மடங்காகியிருந்தது. 2008இல் வெளியான மற்றோர் ஆய்வில் சென்னையில் 18.6, காஞ்சிபுரத்தில் 16.4, பண்ருட்டியை ஒட்டிய சிற்றூர்களில் 9.2 விழுக்காடு எனக் கண்டனர். பண்ருட்டியும் பழைய தென்னார்க்காட்டு மண். சங்கராபுரத்தைப் போன்றே உழவை நம்பியது. நகருக்கு உரியதாகக் கருதப்பட்ட நோய் வயற்காட்டை எட்டியதை இவ்வெண் காட்டுகிறது.

நோயைத் தடுக்க முடியுமா என்ற வினாவிற்கு முதல் பெரும் விடை சீனாவிலிருந்து வந்தது. 1986இல் தாச்சிங் நகரில் தொடங்கிய ஆய்வில், சர்க்கரை ஏற்பு குறைந்திருந்த 577 பேர் ஆறாண்டுகள் தொடரப்பட்டனர். அறிவுரை தனித்துப் பெறாத குழுவில் 67.7 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாகினர். உடற்பயிற்சிக் குழுவில் 41.1 விழுக்காட்டினரே ஆளாகினர். உணவுக் கட்டுப்பாடு மட்டும் கொண்ட குழுவின் விழுக்காடு 43.8. உடற்பயிற்சியைத் தனிக்குழுவாகப் பிரித்து நோக்கியமையே இவ்வாய்வின் சிறப்பு. பின்வந்த பின்லாந்து ஆய்வும் (2001) அமெரிக்க ஆய்வும் (2002) உணவையும் பயிற்சியையும் எடைக்குறைப்பையும் ஒன்றாக்கி 58 விழுக்காட்டு அளவுக்கு நோயைக் குறைத்தன. அமெரிக்க ஆய்வு வாரத்திற்கு 150 நிமிட உடற்பயிற்சியை இலக்காக வைத்தது. இன்று உலகெங்கும் சொல்லப்படும் அளவும் அதுவே.

ஆனால் மேலைநாட்டாரின் பருத்த உடலுக்குக் கண்ட விடை, மெலிந்து தோன்றினும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு மிகுந்த இந்தியருக்குப் பொருந்துமா? இவ்வினாவை எடுத்துக்கொண்டதே 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வு. இராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தனர். மூன்றாண்டு முடிவில் வழக்கமான நிலையில் விடப்பட்டவருள் 55.0 விழுக்காட்டினரும், வாழ்க்கைமுறை மாற்றம் பெற்றவருள் 39.3 விழுக்காட்டினரும், மெட்ஃபார்மின் மாத்திரை பெற்றவருள் 40.5 விழுக்காட்டினரும், இரண்டும் பெற்றவருள் 39.5 விழுக்காட்டினரும் நீரிழிவாளராயினர். மாத்திரையும் நடையும் ஏறத்தாழ ஒரே பயனைத் தந்தன. இரண்டையும் சேர்த்தபோது பயன் கூடவில்லை. உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாமலே இப்பயன் கிட்டியது. எடை குறையவில்லையே என்று நடையைக் கைவிடும் பலருக்கு இம்முடிவு எடுத்துச் சொல்லப்பட வேண்டியது.

இவ்வாய்வின் நெறிமுறையில் அதிகம் பேசப்படாத ஒரு கூறு உண்டு. உட்கார்ந்த வேலையோ எளிய வேலையோ செய்தவர்களையே நாள்தோறும் 30 நிமிடம் விரைந்து நடக்கச் சொன்னார்கள். ஏற்கெனவே உடலுழைப்பில் ஈடுபட்டவர்களையும், நடந்தோ மிதிவண்டியிலோ போதிய அளவு சென்றுவருபவர்களையும் அதனையே தொடருமாறு கூறினார்கள். அதாவது, அறிவுரைக்கு முன்னர் தொழில் என்ன என்ற வினா கேட்கப்பட்டது. ஆய்வின் முடிவு பரவிய அளவுக்கு அவ்வினா பரவவில்லை.

சான்றின் மற்றொரு குறைபாட்டையும் சுட்ட வேண்டும். 531 பேருள் 421 பேர் ஆண்கள். 2013இல் வெளியான, கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியே வாழ்க்கைமுறை அறிவுரை அனுப்பிய ஆய்வில் பங்குபெற்ற 537 பேரும் பணிபுரியும் ஆண்களே. அதில் ஈராண்டில் நோய்க்கு ஆளானோர் 27 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தனர் என்பது பாராட்டத்தக்க வெற்றி. ஆயினும் சிற்றூர்ப் பெண்ணின் நாளும் பொழுதும் இந்த ஆய்வுகளுக்குள் வரவில்லை.

தனிமனித அறிவுரைக்கு அப்பால், இடத்தின் ஆற்றலைக் காட்டியது மோகன் குழுவினரின் சென்னை நகர மக்கள்தொகை ஆய்வு. 1990களின் பிற்பகுதியில் திருமங்கலத்தை அடுத்த ஆசியாட் குடியிருப்பிலும் தியாகராய நகரின் பாரதி நகரிலும் இது நடந்தது. முன்னது நடுத்தர வருவாயினர் வாழ்வது. பின்னது குறைந்த வருவாயினர் வாழ்வது. முடிவுகளைக் குடியிருப்பாளரிடம் விளக்கிச் சொன்னபின், ஆசியாட் குடியிருப்பினர் தம் சொந்தப் பணத்தில் நடைபாதையுடன் பூங்கா ஒன்றை அமைத்தனர். பயிற்சி செய்வோர் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடாயினர். பத்தாண்டுக்குப்பின் பார்த்தபோது, நடுத்தர வருவாயினரிடம் நீரிழிவு 12.4இலிருந்து 15.4 விழுக்காடாகவே உயர்ந்திருந்தது. குறைந்த வருவாயினரிடம் அது 6.5இலிருந்து 15.3 விழுக்காடாகப் பாய்ந்திருந்தது. இவ்விரு எண்களையும் பூங்கா ஒன்றாலேயே விளக்கிவிட இயலாது. வருவாயும் கல்வியும் உணவும் இடையே உள்ளன. ஆனால் வசதி படைத்தோரின் நோய் என்ற பழைய வரையறை பத்தாண்டில் பொய்யாயிற்று என்பதில் ஐயமில்லை.

சங்கராபுரம்: உழைப்பு நீங்கிய நிலம்

சங்கராபுரம் வட்டாரத்தில் ‘உடற்பயிற்சிக் குறைவு’ என்ற தொடர் நகரத்தில் தரும் பொருளைத் தருவதில்லை. இங்குக் குறைந்தது உழைப்பு. கிணற்றில் கமலை பூட்டி நீர் இறைத்தது மின்மோட்டார் வந்தபின் நின்றது. ஏர் உழவு டிராக்டருக்குச் சென்றது. நெல் அறுவடையும் கதிரடிப்பும் அறுவடை இயந்திரத்தால் சில மணிநேர வேலையாயின. அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் வீட்டு மூலையில் ஒதுங்கின. 2011இல் மாநில அரசு தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர் திட்டம் அம்மாற்றத்தை ஏழை வீட்டுக்குள்ளும் கொண்டுசென்றது. சந்தைக்கும் பள்ளிக்கும் வயலுக்கும் நடந்ததைப் பேருந்தும், மிதிவண்டி மிதித்ததை மோட்டார் வண்டியும் மாற்றின.

இவற்றுள் எதையும் இழப்பாக எண்ணி ஏங்குவது அறமாகாது. நெல்குத்திய பெண்ணின் தோள்வலியையும் கமலை ஓட்டியவரின் முதுகு வலியையும் மறந்தோரே அவற்றைப் ‘பழைய உடற்பயிற்சி’ என்று போற்ற முடியும். அவ்வுழைப்பை இனி மீட்கவும் வேண்டியதில்லை. ஆனால் நாளொன்றுக்குப் பல மணிநேரம் இயங்கிய தசைக்கு ஈடாக எதுவும் வரவில்லை. அரிசியின் அளவும் உழைத்த காலத்து அளவாகவே பல வீடுகளில் தொடர்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய நீரிழிவு ஆய்வின் முதற்கட்டத்தில், தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நகர்ப்புறத்தில் 65 விழுக்காட்டினரும் சிற்றூர்ப்புறத்தில் 50 விழுக்காட்டினரும் போதிய உடலியக்கம் இல்லாதவராகக் கணிக்கப்பட்டனர். பொழுதுபோக்காக உடற்பயிற்சியோ விளையாட்டோ செய்வோர் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. சிற்றூர்களில் பாதிப்பேர் இயக்கமற்றோர் என்பது, உழவர் என்றால் உழைப்பவர் என்று முடிவு செய்துவிடும் அரசு மருத்துவமனைப் பழக்கத்தைக் கேள்விக்கு உள்ளாக்குகிறது.

எஞ்சிய உழைப்பும் பருவத்தைச் சார்ந்தது. நடவும் களையெடுப்பும் பெரிதும் பெண்களின் கையிலேயே உள்ளன. கரும்பு வெட்டு இன்றும் கடும் உடலுழைப்பு. விழுப்புரம் மாவட்டம் 2006 பிப்ரவரியில் தேசிய ஊரக வேலையுறுதித் திட்டத்தின் முதற்கட்ட மாவட்டங்களுள் ஒன்றாயிருந்ததால், ‘நூறுநாள் வேலை’ இவ்வட்டாரத்தில் தொடக்கம் முதலே பழக்கமானது. ஏரியும் வாய்க்காலும் தூர்வாரும் அவ்வேலையை உடலியக்கமாகவும் கொள்ளலாம். ஆனால் அத்திட்டம் உறுதியளித்தது ஆண்டில் நூறு நாளே. ஒரே மனிதர் தை மாதத்தில் கடும் உழைப்பாளியாகவும் வைகாசியில் இயக்கமற்றவராகவும் இருக்கக்கூடும். ஒருமுறை கேட்டு எழுதிக்கொள்ளும் ‘தொழில்: விவசாயம்’ என்ற குறிப்பில் இவ்வேறுபாடு பதிவாவதில்லை.

கல்வராயன் மலையின் வரலாறு சற்றே வேறு. மலையாளிப் பழங்குடியினர் வாழும் இம்மலை நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்து, 1976இல்தான் முழுமையாக அரசின் நேரடி நிர்வாகத்தின்கீழ் வந்தது. சாலையும் பேருந்தும் பள்ளியும் சமவெளியைவிடப் பிந்தியே ஏறின. சாமையும் தினையும் கேழ்வரகும் உண்டு, ஏற்ற இறக்கத்தில் நடந்து வாழ்ந்த வாழ்க்கை அங்கு ஒரு தலைமுறைக்கு முன்வரை நிலவியது. பின்னர் மரவள்ளி போன்ற பணப்பயிரும், நியாயவிலைக் கடை அரிசியும், பிற மாநிலங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லுதலும் வந்தன. சாலை வேண்டாம் என்று எவரும் சொல்ல இயலாது. பிரசவத்திற்கும் பாம்புக்கடிக்கும் அதுவே உயிர். சமவெளியில் ஐம்பது ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் மலையில் அதனினும் குறுகிய காலத்தில் நிகழ்கிறது என்பதே கருதத்தக்கது. உலகின் பல பழங்குடி மக்களிடம், குறிப்பாக அமெரிக்காவின் பிமா மக்களிடம், இத்தகைய விரைந்த மாற்றத்தின் பின் நீரிழிவு பெருகியமை நன்கு அறியப்பட்டது.

நடையும் பாதமும்

நோய் வந்தபின் உடற்பயிற்சியின் பயனும் சிறிதன்று. 2001இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முறைப்படுத்தப்பட்ட பயிற்சி மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை 0.66 விழுக்காட்டுப் புள்ளி குறைக்கிறது எனக் கண்டது. இது சில மாத்திரைகளின் பயனுக்கு அருகில் வருவது. எனினும் தடுப்புக்குச் சொல்லும் அறிவுரையை நோயாளர்க்கு அப்படியே சொல்ல முடியாது. கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நெடுநேரம் உழைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கக்கூடும். விழித்திரை பாதிக்கப்பட்டவர் மூச்சடக்கிப் பாரம் தூக்கலாகாது.

சங்கராபுரம் போன்ற இடத்தில் இவற்றினும் அன்றாடமானது பாதம். நரம்புணர்வு குறைந்த கால் முள்ளையும் கரும்புச் சோகையின் கீறலையும் உணராது. சேற்றில் நடுவோர் காலணி அணிவதில்லை. வயலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் வெறுங்காலே வழக்கம். செருப்பின்றி நூறு யோசனை நடக்கச் சொன்ன சுசுருத மரபும், உணர்விழந்த காலை ஒருபோதும் வெறுமையாக வைக்காதீர் என்னும் இன்றைய மருத்துவமும் நேர் எதிரானவை போலத் தோன்றும். நோயின் தொடக்கத்திலுள்ள கால்களுக்கு முன்னது ஒருவேளை தீங்கின்றி இருந்திருக்கலாம். பல ஆண்டு நோயுற்ற கால்களுக்கு அது புண்ணையும் விரல் இழப்பையும் தரும். நடக்கச் சொல்லும் மருத்துவர் முதலில் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டியவராகிறார்.

2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டு வாயிலுக்குக் கொண்டுசென்றது. மருந்தகத்துக்கு நடந்துவர இயலாத முதியோர்க்கு அதன் பயன் பெரிது. 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற பெயரில் 38 மாவட்டங்களிலும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கள்ளக்குறிச்சியும் அவற்றுள் ஒன்று. மாவட்டத்திற்கு ஒன்று என்பது அடையாளத் தொடக்கமாகவே அமையும். ஆசியாட் குடியிருப்பில் பயன் தந்தது வீட்டு வாயிலுக்கு அருகில் இருந்த பூங்கா. சங்கராபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அதற்கு நிகரானவை ஏரிக்கரையும் பள்ளி விளையாட்டுத் திடலும்தான். விளக்கில்லாத ஏரிக்கரையில் விடியலுக்கு முன் ஆண்கள் நடக்கலாம். அந்நேரம் பெண்கள் பால் கறந்துகொண்டும் சமைத்துக்கொண்டும் இருப்பர். மாலை இருட்டியபின் தனியே கரையில் நடப்பது அவர்களுக்கு இயல்வதன்று.

எனவே சென்னை ஆய்வின் முதல் வினா இங்கு மேலும் நீள வேண்டியதாகிறது: என்ன வேலை என்பதோடு, எந்த மாதங்களில், எத்தனை நாள், நாளின் எப்பொழுதில் என்பனவும் கேட்கப்பட வேண்டும். கரும்பு வெட்டும் மாதத்தில் அவ்வுழவருக்கு நடைப்பயிற்சி தேவையில்லை. மாத்திரையின் அளவைக் குறைக்கவும் நேரலாம். வெட்டு முடிந்து அடுத்த நடவு வரும்வரை உள்ள வாரங்களே அவருக்கு மருத்துவர் நடையை எழுதித்தர வேண்டிய காலம்.